கொடிசியா வேளாண் கண்காட்சிக்குப் போகும் முன்: 8 ஏக்கருக்கு டிராக்டர் வாங்கலாமா?

ஒரு விவசாயி அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் 5 ஏக்கர் நெல், கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் மஞ்சள், 1 ஏக்கர் தென்னை. கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சிக்குப் போய் 45 ஹெச்.பி. டிராக்டரும் 6 அடி ரோட்டவேட்டரும் (மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் சுழல் கருவி) முன்பதிவு செய்துவிடலாம் என்று நினைக்கிறார். "ஆண்டின் சிறந்த டிராக்டர்" விருது வாங்கிய மாடலையே எடுக்கலாமா, ஜி.எஸ்.டி. குறைந்திருக்கிறதே, மானியம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள். வெளியில் வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இல்லாவிட்டால், 8 ஏக்கருக்காக 45 ஹெச்.பி. டிராக்டர் வாங்க வேண்டாம். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

டிராக்டர் கட்டுப்படியாகுமா என்பதை ஏக்கரை வைத்து முடிவு செய்ய முடியாது. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் அது ஓடும் என்பதுதான் கணக்கு. மீட்டரில் ஏறும் மணி குறையக் குறைய ஒவ்வொரு மணியின் செலவும் ஏறும். டிராக்டர், இணைப்புக் கருவிகள் எல்லாம் சேர்த்து 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 வருடம் ஓட்டிவிட்டு 80,000 ரூபாய்க்கு விற்றால், தேய்மானம் மட்டும் வருடத்துக்கு 72,000. சராசரி முதலீடு 4.4 லட்சம், அதற்கு 10 சதவீத வட்டி 44,000. கடன் வாங்காமல் கைக்காசு போட்டாலும் இந்த வட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அந்தப் பணம் வேறெங்காவது உழைத்திருக்கும். இன்சூரன்ஸ், நிறுத்த ஒரு ஷெட், சில்லறைச் செலவு 16,000. ஆக, வண்டியை ஷெட்டை விட்டு வெளியே எடுக்காவிட்டாலும் வருடத்துக்கு 1,32,000 ரூபாய் போகிறது.

இதற்கு மேல்தான் ஓட்டும் செலவு. ரோட்டவேட்டர் போட்டு ஓட்டினால் டீசல், டிரைவர் கூலி, ஆயில், பழுது எல்லாம் சேர்த்து மணிக்கு 600 ரூபாய் என்று வையுங்கள்.

உங்கள் நிலத்துக்கு எத்தனை மணி வேண்டும்? நெல்லுக்கு ஒரு போகத்தில் புழுதி உழவு, கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு, பரம்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 4 மணி நேரம். 5 ஏக்கர், இரண்டு போகம் என்றால் 40 மணி. மஞ்சளுக்கு ஆழ உழவிலிருந்து பார் பிடிப்பது வரை ஏக்கருக்கு 6 மணி, 2 ஏக்கருக்கு 12. தென்னைக்குள் வருடத்தில் இரண்டு ஓட்டு, 3 மணி. எரு இழுப்பது, மூட்டை ஏற்றுவது என்று தாராளமாக 25 மணி. மொத்தம் 80 மணி நேரம்.

1,32,000-ஐ 80-ஆல் வகுத்தால் 1,650. ஓட்டும் செலவு 600-ஐயும் சேர்த்தால் மணிக்கு 2,250 ரூபாய். அதே வேலைக்கு ஊரில் வாடகை மணிக்கு 1,200 என்றால், 80 மணிக்கு 96,000 ரூபாயில் முடிந்துவிடும். சொந்த டிராக்டரில் அது 1,80,000 ஆகிறது. வருடா வருடம் 84,000 ரூபாய் கூடுதல். இதே எண்களின்படி, வருடத்துக்கு 220 மணி நேரம் ஓடினால்தான் வாடகையும் சொந்தமும் சமமாகும். அதாவது உங்கள் வேலை போக 140 மணி நேரமாவது அக்கம்பக்கத்துக் காட்டில் ஓட வேண்டும். வங்கிகள் டிராக்டர் கடனுக்கு வருடத்துக்கு 1,000 மணி நேர வேலையை அளவுகோலாக வைத்திருந்ததற்கும் இதுதான் காரணம். உங்கள் ஊர் வாடகை, டீசல் விலை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். விடை கொஞ்சம் நகரும், தலைகீழாகாது.

இந்தக் கணக்குக்குள் வராத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை இரண்டு ஆயக்கட்டிலும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சேற்றுழவு வேண்டும். வாடகை வண்டிக்குக் காத்திருந்து நாற்று முற்றிப்போனால் தூர் குறையும், மகசூல் அடிவாங்கும். சொந்த வண்டியின் உண்மையான லாபம் இங்கேதான். ஆனால் அந்தப் பத்து நாள் அவசரத்துக்காக வருடம் முழுக்க 8 லட்சத்தை நிறுத்தி வைப்பதா, அல்லது நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுத்து முறை போட்டுக்கொள்வதா என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு (2015-16 வேளாண் கணக்கெடுப்பு). இந்த அளவு நிலத்தில் ஆளுக்கொரு வண்டி என்ற வழி யாருக்கும் கட்டாது. நம் ஊர்களில் கடனில் வாங்கித் தவணை கட்ட முடியாமல் விற்ற டிராக்டர்கள் எத்தனை என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். அதில் உங்கள் வண்டியும் ஒன்றாகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"இல்லை, வாடகைக்கும் ஓட்டுவேன், தம்பி வீட்டில்தான் இருக்கிறான்" என்றால் கதை வேறு. அப்போது எந்த வண்டி என்ற கேள்விக்கு வரலாம்.

இங்கே விருது விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். டிராக்டர் விருதுகள் எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் வேளாண் பத்திரிகையாளர்கள் நடுவர்களாக இருந்து தரும் ஆண்டின் சிறந்த டிராக்டர் விருது 1998-லிருந்து இருக்கிறது. ஜெர்மனியின் ஹனோவரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அக்ரிடெக்னிகா கண்காட்சியில் டி.எல்.ஜி. என்ற ஜெர்மன் வேளாண் அமைப்பு புதுமைக்கென்று தங்கம், வெள்ளிப் பதக்கம் தருகிறது. நம் நாட்டிலும் ஹெச்.பி. பிரிவு வாரியாக ஆண்டு விருதுகள் வந்துவிட்டன. இவை எல்லாம் ஒரு மாடலின் வடிவமைப்புக்கும் புதுமைக்கும் கிடைக்கும் பாராட்டு. உங்கள் ஊர்ச் சேற்றில் அது இறங்குமா, கிளட்ச் பிளேட் போனால் கோபியில் அன்றைக்கே கிடைக்குமா என்பதற்கு எந்த நடுவரும் மதிப்பெண் போடுவதில்லை.

தமிழக அரசு திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுப்பவருக்குத் தரும் சி. நாராயணசாமி நாயுடு விருதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாரிகள் முன்னிலையில் அறுத்து, அடித்து, எடை போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். பரிசு 5 லட்சம் ரூபாய். அதே மாதிரி எடை போட்டுப் பார்த்த தகவல் டிராக்டருக்கும் இருக்கிறது. விருதுப் பலகையை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். அதுதான் சோதனை அறிக்கை.

மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் 1955-லிருந்து இயங்குகிறது. ஹரியானாவில் ஹிசார், ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னே, அசாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களிலும் இதே போன்ற நிலையங்கள் உண்டு. டிராக்டரை ஐ.எஸ். 5994 என்ற இந்தியத் தரநிலைப்படி சோதித்து அறிக்கை போடுகிறார்கள். மானியப் பட்டியலில் ஒரு கருவி இடம்பெற வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் அறிக்கை கட்டாயம். எனவே கம்பெனிக்காரர்களிடம் அது இருக்கும். ஸ்டாலில் நின்று, "டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள்.

அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது பி.டி.ஓ. பவர். வண்டியின் மேல் எழுதியிருப்பது இன்ஜின் ஹெச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு, கியர்களைத் தாண்டி அங்கே வந்து சேரும்போது திறன் சுமார் 85 சதவீதம்தான் மிஞ்சும். 45 ஹெச்.பி. வண்டியில் 38 என்று பாருங்கள். இரண்டாவது, அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது இன்ஜின் எத்தனை சுற்றில் இருக்கிறது, அப்போது மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பது. சில வண்டிகளில் எகானமி பி.டி.ஓ. என்று தனியாக ஒரு நிலை உண்டு. இன்ஜின் குறைந்த வேகத்தில் ஓடினாலும் பின்னால் 540 கிடைக்கும். மருந்தடிப்பது போன்ற லேசான வேலைக்கு அதில் டீசல் மிச்சம். மூன்றாவது, ஹைட்ராலிக் தூக்கும் எடை. நோட்டீஸில் போடும் கிலோ பெரும்பாலும் கீழ்க்கொக்கிகளின் முனையில் அளந்தது. சோதனையில் அதற்கு 610 மி.மீ. பின்னால் தள்ளியும் அளக்கிறார்கள், அந்த எண் குறைவாக இருக்கும். ரோட்டவேட்டரின் எடை பின்னால் தள்ளித்தான் விழுகிறது, ஆகையால் உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

இந்தக் கணக்கில் 6 அடி ரோட்டவேட்டர் 45 ஹெச்.பி.க்கு இழுத்துப் பிடித்த வேலை. வறண்ட செம்மண்ணில் சமாளிக்கும். களிமண் ஈரத்தில் இன்ஜின் திணறும், நீங்கள் கியரைக் குறைத்துக் குறைத்து டீசலை எரிப்பீர்கள். 5 அல்லது 5.5 அடி போதும். வாங்கும்போது கவரைத் தூக்கிப் பக்கவாட்டு டிரைவைப் பாருங்கள். கியர் டிரைவ், செயின் டிரைவ் என்று இரண்டு வகை. கல் இல்லாத மென்மண்ணுக்குச் செயின் போதும் என்பார்கள். சேறும் அடித்து, வாடகைக்கும் ஓட்டப்போகிறவர் கியர் டிரைவையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பிளேடுகளில் எல் வடிவமா, சி வடிவமா என்று பாருங்கள். களை, தாள் மடக்க எல். இறுகிய கனமான மண்ணுக்கு சி. ரோட்டர் தண்டின் இரு முனையிலும் உள்ள ஆயில் சீலுக்குள் சேறு போகாதபடி என்ன காப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று கையை விட்டே தடவிப் பாருங்கள். நெல் வயலில் ஓடும் ரோட்டவேட்டர் பெரும்பாலும் சாவது அங்கேதான்: சீல் போய், சேறு உள்ளே புகுந்து, பேரிங் உடையும்.

ஹெச்.பி. பற்றி இன்னும் ஒன்று. ஷோரூமில் 49 ஹெச்.பி. வண்டிகள் ஏராளமாகத் தெரியும். 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம்-4 என்ற கடுமையான புகை விதி வந்தது. அதற்குக் கீழே நின்றால் பழைய முறை இன்ஜின், குறைந்த விலை. கிராமத்து மெக்கானிக் திறந்து பார்த்துச் சரி செய்யக்கூடிய இன்ஜின் வேண்டும் என்றால் உங்கள் அளவுக்கு 50-க்குக் கீழே நிற்பதுதான் நல்லது. ஆனாலும் இந்த விதிகள் படிப்படியாக இறுகிக்கொண்டே வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கம்பெனியைப் பற்றிக் கேட்டால், பெயரைவிட உதிரிபாகம்தான் முக்கியம் என்பேன். இந்தத் தொழிலில் கை மாறுவது சகஜம். எய்ச்சர் டிராக்டரை 2005-ல் சென்னையின் டாஃபே வாங்கியது. ஸ்வராஜை 2007-ல் மஹிந்திரா எடுத்தது. எஸ்கார்ட்ஸ் 2022-ல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆனது. மாஸே பெர்குசன் பெயர் யாருக்கு என்று டாஃபேக்கும் அமெரிக்காவின் ஏ.ஜி.சி.ஓ.வுக்கும் நடந்த இழுபறி 2025-ல் முடிந்து, இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் டாஃபே வசம் வந்தது. மேலே சொன்னவை பெரிய பெயர்கள். கை மாறினாலும் உதிரிபாகம் தொடர்ந்து கிடைத்தது. கண்காட்சியில் மலிவாகத் தெரியும் பெயர் தெரியாத இறக்குமதிக் கருவிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இந்த வகையில் நிறையப் பேர் சூடுபட்டது பவர் வீடரில் (களையெடுக்கும் சிறு இயந்திரம்). பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெயிண்டும் ஸ்டிக்கரும் மட்டும் மாறும், அடுத்த வருடம் அந்த டீலரே இருக்க மாட்டார். பவர் டில்லர் (பின்னால் நடந்து ஓட்டும் சிறு உழவு இயந்திரம்) இறக்குமதியை மத்திய அரசு 2020 ஜூலையில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கொண்டுவந்ததை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். பவர் டில்லரில் பெங்களூரின் வி.எஸ்.டி.யும், கேரள அரசின் காம்கோவும் நமக்குப் பழகிய பெயர்கள், உதிரிபாகமும் கிடைக்கும்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் பெரும்பாலான வேளாண் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. டிராக்டர் டயர், சில உதிரிபாகங்களுக்கு 18-லிருந்து 5. எனவே கொட்டேஷன் வாங்கும்போது அடிப்படை விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ், இணைப்புக் கருவி என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள்.

மானியத்தை 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தின் கீழ் தருகிறார்கள். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. 8 ஏக்கர் முழுக்க ஒரே பெயரில் இருந்தால் நீங்கள் சிறு விவசாயி வரம்பான 2 ஹெக்டேரைத் தாண்டுகிறீர்கள், 40 சதவீதம்தான். நிலம் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அவர்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் கோபி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போய், இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் எந்தக் கருவிக்குப் பணம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு தமிழக அரசின் உழவன் செயலியில் விண்ணப்பியுங்கள். அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். முன்பே வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோனால் மானியம் வராது. கண்காட்சியில் முன்பணம் கட்டாதீர்கள் என்று நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். "மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் ஸ்டால்காரரிடம் ஆதார், சிட்டா நகலைக் கொடுத்துவிட்டு வந்து அலைபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

சரி, டிராக்டர் வாங்கவில்லை என்றால் அந்தப் பணத்தில் என்ன செய்யலாம்? உங்கள் நிலத்தில் ஆள் பற்றாக்குறை எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். உழவில் இல்லை, அதற்கு வாடகை வண்டி வருகிறது. நடவிலும், மஞ்சள் களையிலும், தென்னை ஏறுவதிலும்தான்.

மஞ்சளுக்கு ஒரு நல்ல பவர் வீடர் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். அது உங்களிடமே போதிய மணி நேரம் ஓடும். ஆனால் வாங்கும் முன் உங்கள் பார் இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். இயந்திரத்தின் அகலம் அதற்குள் இறங்காவிட்டால் அடுத்த பட்டத்தில் இடைவெளியை மாற்ற வேண்டிவரும்.

நடவு இயந்திரம் வாங்க வேண்டாம், வாடகைக்கே எடுங்கள். ஆனால் அதற்கேற்ற நாற்றங்காலை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். பாய் நாற்றங்காலில் தட்டுகளிலோ பாலித்தீன் விரிப்பிலோ மெல்லிய மண்படுகையில் விதைத்து, 14 முதல் 18 நாளில் வேர்கள் பின்னி, பாய் போலச் சுருட்டி எடுக்க வர வேண்டும். விதை அடர்த்தி ஒரே சீராக இல்லாவிட்டால் இயந்திரத்தின் விரல் வெறும் மண்ணைப் பிடுங்கும், வயலில் வரிசை வரிசையாகக் காலி இடம் விழும். சேற்றுழவு முடிந்த உடனே இயந்திரத்தை இறக்கவும் கூடாது. சேறு ஒன்றிரண்டு நாள் படிய வேண்டும், இல்லாவிட்டால் நட்ட நாற்று மிதக்கும். நடவு இயந்திரம் சரியில்லை என்று சொல்பவர்களின் வயலில் பெரும்பாலும் தப்பு இந்த இரண்டு இடத்தில்தான் நடந்திருக்கும். வரிசை 30 செ.மீ. இடைவெளியில் நேராக விழுவதால் கோனோவீடர் (உருட்டிக் களையெடுக்கும் கைக்கருவி) உருட்டுவதும் சுலபம்.

அறுவடைக்கு வெளியூர் வண்டிகள் வரும், அதையே நம்பலாம். ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் மிஷினைக் கேளுங்கள். டயர் மிஷின் வாடகை குறைவு, ஆனால் சேற்றில் பள்ளம் போட்டுவிட்டால் அடுத்த உழவில் அந்த மிச்சம் எல்லாம் போய்விடும். அரசு வண்டிகளை உழவன் செயலியில் இ-வாடகை வழியாகப் பதியலாம். தனியாரைவிடக் குறைவு, ஆனால் பருவத்தில் வரிசை நீளும். மருந்தடிக்கும் டிரோனையும் வாடகைக்கே கூப்பிடுங்கள். 10 லிட்டர் டேங்கில் ஒரு ஏக்கர் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஓட்டுபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

தென்னைக்கு கேரளத்தின் அப்பச்சன் என்ற விவசாயி வடிவமைத்த ஏறும் கருவியும் அதன் வழிவந்தவையும் கண்காட்சியில் கிடைக்கும். தேசியப் புதுமை நிறுவனம் பாராட்டிய கருவி அது. வாங்கினால் பாதுகாப்பு பெல்ட்டோடு வாங்குங்கள்.

அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேரோ, உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சேர்ந்து கருவி வாடகை மையம் தொடங்கினால் மேலே சொன்ன இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் 40 சதவீத மானியம் உண்டு. 2020-ல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, 7 வருடம் வரை கிடைக்கும். உங்களுக்கு வண்டி வேண்டும் என்ற ஆசை தீரவில்லை என்றால் இந்த வழியில் வாங்குங்கள். 45 ஹெச்.பி. அங்கே சரியான அளவு.

எந்த வண்டியானாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் டெலிவரி எடுக்காதீர்கள். 540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ துண்டோ அதில் சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. உறை உடைந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. அப்படிக் கையும் காலும் இழந்தவர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். புது உறை வாங்க ஆகும் செலவு ஒரு நாள் வாடகை வருமானத்துக்குள் அடங்கும். டிரைவர் கேட்காவிட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

கண்காட்சிக்கு முதல் நாள் காலையிலோ வாரநாளிலோ போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். பார் இடைவெளி, வயலுக்கு வரும் வழியின் அகலம், மண் வகை, பம்புசெட்டின் ஹெச்.பி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். ஒவ்வொரு ஸ்டாலிலும், கோபி, சத்தியமங்கலம், பவானி பக்கத்தில் இந்த மாடலை இரண்டு வருடமாவது ஓட்டும் மூன்று விவசாயிகளின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். தராத ஸ்டாலைத் தாண்டிப் போய்விடுங்கள். தந்தால், அடுத்த வாரம் அவர்கள் தோட்டத்துக்கே நேரில் போய் வண்டியின் மணி மீட்டரையும் சர்வீஸ் பில்களையும் பாருங்கள்.